மணியக்காரர் வேலை போன செய்தி

பாஞ்சாலைக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி வியர்க்கும். அதற்கப்புறம் எதிரில் நிற்கிறவருக்கு அன்றைய பொழுது நன்றாக இருக்காது. ஆனால் அந்த மூக்கு ஒரே ஒரு வீட்டின் எதிரில் மட்டும் இருபத்து மூன்று வருஷமாக வியர்த்ததே இல்லை. அது மணியக்காரர் கோதண்டராமன் வீடு.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அந்த ஊர். மலை நன்றாகத் தெரியும். பஸ்தான் கண்ணில் படாது. பதினாறு வயதில் பலராமனைக் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்த முதல் வாரமே பாஞ்சாலை தெரிந்துகொண்டாள், அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று. கூப்பிடுகிறவரை மாட்டுக் கொட்டகை ஓரம் நிற்க வேண்டும். நின்ற நேரத்தில் சாணியை வாரிப் போட்டால் நல்லது. வாராவிட்டால் கூப்பிட மாட்டார்கள்.

வரி வசூல் மணியக்காரர். சின்னச் சண்டைக்குத் தீர்ப்பு மணியக்காரர். அவர் எழுதினால்தான் பிறந்தவன் பிறந்தான், செத்தவன் செத்தான்; அதுவரை இரண்டு பேருமே காத்திருக்க வேண்டும். மெட்ராசில் கவர்னர் என்று ஒருத்தர் இருப்பதாகப் பேச்சு. ஊருக்கு இவர்தான் கவர்னர். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக அந்தப் பதவி அவர்கள் வீட்டிலேயே புல் தின்றுகொண்டிருந்தது.

1991இல் பாஞ்சாலையின் மகள் அன்புச்செல்வி பன்னிரண்டாவது பாஸ் பண்ணினாள். காலனியில் அவள்தான் முதல் பெண். நர்ஸ் டிரெய்னிங்குக்கு இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு.

தாசில்தார் சான்றிதழ் தர, கிராம நிர்வாக அலுவலர் குமரேசன் எழுதித் தர வேண்டும். அவர் குடியிருப்பது டவுனில். வாரத்தில் இரண்டு நாள் வண்டியில் வந்து கோதண்டராமன் வீட்டுக் கூடத்தில் காபி குடிப்பார். அதற்குப் பெயர் ஆபீஸ்.

“பெரியவரு ஒரு வார்த்த சொல்லட்டும்மா. விசாரிக்காம நான் எப்பிடி எழுதறது?” என்றார் குமரேசன்.

பெரியவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “ஏண்டி பாஞ்சாலை, பொண்ணு ஊசி போடப் போவுதா? மல்லாட்ட உரிக்க ஆள் கம்மியா இருக்குது. ஒரு வாரம் அனுப்பு. அப்புறம் பாக்கலாம்.”

ஒரு வாரம் நிலக்கடலை உரித்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அவருக்கும் அது தெரியும். அன்றைக்குத்தான் பாஞ்சாலையின் மூக்கு அந்த வீட்டில் முதல்முறையாக வியர்த்தது.

திங்கட்கிழமை மகளை இழுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். மனு வாங்கும் மேஜையில் வேதா என்ற கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மணியக்காரர் தடுக்கறார்னு எழுதியிருக்குதே, எந்த மணியக்காரரும்மா?”

“எங்கூரு மணியக்காரரு.”

“அந்த வேலையவே எண்பதாம் வருசம் எடுத்துட்டாங்களே!”

“எடுத்து எங்க வச்சாங்க?”

“எங்கயும் வைக்கல. ஒழிச்சிட்டாங்க. இப்ப மணியக்காரர்னு யாருமே இல்லம்மா.”

வேதா மனுவுக்கு ரசீது கொடுத்தாள். பாஞ்சாலை பஸ் ஸ்டாண்டுவரை விரல்விட்டு வருஷத்தை எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினோரு வருஷம்! இல்லாத ஆளுக்குப் பொங்கல்தோறும் சேவல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இல்லாத ஆளின் சாணியை வாரியிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு இல்லாத ஆளின் நிலத்தில் நாற்று நட்டிருக்கிறாள். சாணி மட்டும் நிஜமாகவே இருந்தது.

ஊருக்கு எப்படித் தெரியாமல் போனது? விஷயம் சுலபம். அந்த ஊரில் எந்தச் சேதியும் தண்டோரா போட்டால்தான் சேதி. தண்டோரா போடச் சொல்ல வேண்டியவர் மணியக்காரர். தன் வேலை போனதை அவர் போடச் சொல்லவில்லை. பேப்பர் படிக்கிற நாலு வீட்டுக்குத் தெரியும். நாலும் அவருக்குச் சொந்தம். குமரேசன் மாதிரி வந்தவர்களைக் கணக்கு எழுதும் கர்ணத்துக்குப் பதிலாக வந்தவர்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தண்டோரா அடிக்கிறவன் பலராமன்தான். பாஞ்சாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்: “பறைய எடு. ஊருக்குச் சொல்லணும்.”

“உத்தரவு இல்லாம அடிக்கக் கூடாதுமே.”

“யாரு உத்தரவு?”

“மணியக்காரரு…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நிறுத்தினானே தவிர எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை. பக்கத்திலேயே கோதண்டராமன் வீட்டுக் கூடத்தில் குமரேசன் காபியோடு இருந்தார். பாஞ்சாலை பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அடிக்கத் தெரியாது. ஓட்டைத் தகரத்தில் மழை பெய்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

“இதனால சகல சனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னான்னா! மணியக்காரரு வேல போயி பதினோரு வருசம் ஆவுது! இனிமே யாரும் கொல்லப்பக்கம் நிக்க வேணாம்! சாணியும் வார வேணாம்! இது சர்க்கார் உத்தரவு, சாமியோவ்!”

சிரிப்பு நின்றது. வரிசையில் இருந்தவர்கள் அவரவர் டின்னைப் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டராமன் துண்டு இல்லாமல் ஓடி வந்தார்.

“ஏய்! யாரக் கேட்டுடி அடிக்கற?”

“யாரக் கேக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். ஊரே அந்தத் திறந்த வாயைப் பார்த்தது.

குமரேசன் நைசாக வண்டிப் பக்கம் நகர்ந்தார். பாஞ்சாலை குறுக்கே போய் நின்றாள். “விசாரிக்கணும்னு சொன்னீங்களே சார். விசாரிங்க.”

“யாரயம்மா?”

“என்னத்தான். எம்மவளப் பத்தி என்ன வுட யாருக்கு ஜாஸ்தி தெரியும்? திங்கக்கிழம மனுவும் குடுத்தாச்சு, ரசீது இதோ.”

குமரேசன் ரசீதைப் பார்த்தார், கோதண்டராமனைப் பார்க்கவில்லை. வண்டி சீட்டில் பேப்பரை வைத்து, பெயர் என்ன, எத்தனை வருஷமாக இந்த ஊர் என்று கேட்டு எழுதினார். பாஞ்சாலை ஒவ்வொன்றுக்கும் ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னாள். கையெழுத்துப் போடும்போது பேனா மக்கர் பண்ணியது. அன்புச்செல்வி தன் பேனாவை நீட்டினாள்.

தாசில்தார் ஆபீசில் வியாழக்கிழமை முழுக்க நின்று சான்றிதழை வாங்கி, வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவும் மகளும் நர்ஸ் டிரெய்னிங் ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். மகளை ஹாஸ்டலில் விட்டபோது பாஞ்சாலை அழவில்லை. தலையில் எண்ணெய் கம்மி என்று திட்டிவிட்டு வந்தாள். அந்த வருஷம் கோதண்டராமன் வகையறா யாரும் அவளை நடவுக்குக் கூப்பிடவில்லை. அவள் செங்கல் சூளைக்குப் போனாள்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை சூளைக்குப் போகவில்லை. கலெக்டர் ஆபீசில் வேதாவின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

“என்னம்மா, வேல முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது. இத்த மாதிரி எங்களுக்குச் சொல்லாம இன்னும் என்னென்னத்த எடுத்திருக்கீங்க? எல்லாத்தையும் ஒரு தபா சொல்லு. எனக்கு இன்னைக்கு வேற வேல இல்ல.”

வேதா சிரித்தாள். பாஞ்சாலை சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.