தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு தெர்மாமீட்டர்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலை, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தபோது ஜெரால்டு போன் செய்தார். "சார், அத்தை காலைல தவறிட்டாங்க. சாயந்தரம் அடக்கம். திருக்காட்டுப்பள்ளிக்கே வந்துடுங்க." ஜெரால்டு, ஸ்டெல்லா அம்மையாரின் அண்ணன் மகன். நுரையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது என்ற பயம்.

ஸ்டெல்லா அம்மையார் எங்கள் விதைப்பண்ணையில் வானிலைக் குறிப்பு எடுப்பவராக இருந்தார். பண்ணையின் நடுவே வெள்ளை அடித்த மரப்பெட்டி ஒன்று நிற்கும். அதற்குள் இருக்கும் தெர்மாமீட்டர்களைக் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பார்த்து எழுதுவது அவர் வேலை. விவசாயிகளுக்கான யோசனைகளை வாசலிலுள்ள கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த வருடமே, சொந்தக் காசில் வாங்கிய இன்னொரு தெர்மாமீட்டரைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டினார். முப்பதடி இரும்பு ஏணி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தினமும் இருமுறை ஏறுவார். யாரும் கேட்காத வேலை. 'தொட்டியம்மா' என்று நான்தான் பேர் வைத்தேன். பண்ணை முழுக்க அந்தப் பேர் நின்றுவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்படி மேலே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"பகல்ல மண்ணு சுடுது சார். மேல போகப் போகக் குளிர்ச்சி. அதனால வயல் மேல காத்து, உலையில அரிசி மாதிரி பொரண்டுக்கிட்டே இருக்கு. எந்தப் புகையையும் மேல தூக்கிட்டுப் போயிடும். பொழுது சாஞ்சா மண்ணுதான் மொதல்ல குளிருது. அதைத் தொட்ட காத்தும் குளிர்ந்து கீழயே படுத்துக்குது. மேல இருக்கற காத்து கதகதப்பா மூடி மாதிரி உக்காந்துக்குது. காலைல ஏழு மணிக்குக்கூட தொட்டி மேலதான் சூடு அதிகம். வெயில் ஏறினாத்தான் அந்த மூடி திறக்கும்."

"நல்லது, சோறு வடிக்க உதவும்" என்றேன். அவரும் சிரித்தார். அப்போது எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

பிறகு ஊர் மாறத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று கிளம்பினார்கள். மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. வாடகைக்கு பவர் ஸ்பிரேயர் வந்தது. ஓர் ஆள் ஒரே காலையில் பத்து வயலை முடிக்க வேண்டும் என்பதால் இருட்டு பிரியும் முன்பே தொடங்கிவிடுவார். நானும் பலகையில் எழுதினேன்: 'காற்று அசையாத விடியற்காலையே மருந்து தெளிக்க ஏற்ற நேரம்.' காற்று அடித்தால் மருந்து பறந்துவிடும், அசையாவிட்டால் பயிரிலேயே விழும். எங்கள் எல்லோருடைய கணக்கும் இதுதான்.

ஸ்டெல்லா அம்மையார் மட்டும் என் மேசைக்கு வந்தார். "சார், அதை அழிச்சிடுங்க. பவர் ஸ்பிரேயர்ல வர்றது பனி மாதிரிப் பொடித்துளி. விடியக்காலம் அது மேல போகாது, கீழயும் விழாது. இடுப்பளவுக்கு அப்படியே நின்னு பக்கத்து வயலுக்கு ஊர்ந்து போகும்."

நான் அழிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். "நீங்க வெயில எழுதுங்க, விவசாயத்த நான் எழுதறேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அந்த வருடம் தை மாதத்தில், இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடித்த வயலுக்கு அடுத்த வயலில் பெண்கள் ஐந்து பேர் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இலைகூட அசையாத காலை. ஐவரும் வரப்பிலேயே வாந்தி எடுத்து விழுந்தார்கள். நால்வர் பிழைத்தார்கள். அஞ்சலை பிழைக்கவில்லை. அவருடைய மகள் செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஸ்டெல்லா அம்மையார் தம் நோட்டை விரித்து, மூடி விழுவதையும் திறப்பதையும் விளக்கினார். அதிகாரி கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சிருக்கே, யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதிகாரி 'தெரிந்தும் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார். அம்மையாருக்குத் தண்டனையாக இடமாற்றம் வந்தது. பலகையை, அஞ்சலை இறந்த அன்றிரவே நான் துடைத்துவிட்டிருந்தேன்.

கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒருமுறை அதைப் பேசினார். "ஒரு நிமிஷம் பேசாம இருந்தேன் சார். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

நான்கு வருடம் கழித்து எங்கள் பண்ணைக்கே திரும்பி வந்தார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, மருந்தடிக்கிற காலங்களில் விடிவதற்கு முன்பே டி.வி.எஸ். வண்டியில் வரப்புகளுக்குப் போய்விடுவார். ஈர வைக்கோலில் ஒரு பிடி கொளுத்துவார். புகை படுத்துக்கொண்டால், "இன்னும் திறக்கல. டீ குடிச்சிட்டு வாங்க" என்று ஸ்பிரேயர்காரரைத் திருப்பி அனுப்புவார். புகை நிமிர்ந்து எழுந்தால்தான் விடுவார். அதன் பிறகு எங்கள் சுற்றுவட்டத்தில் அப்படி யாரும் சாகவில்லை. ஆனால் 'தெரிஞ்சும் வாயைத் தொறக்காதவ' என்ற பேர் அவரை விடவில்லை. ஒரு சித்திரை வெயிலில் செல்வியின் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். செல்வி கதவைச் சாத்தினாள். கூடப் போயிருந்த நான் அப்போதும் பேசவில்லை. அம்மையார் பம்ப்செட்டில் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடக்கத்துக்குப் போனேன். ஐந்தரை மணிக்குக் குழியருகே பங்குச் சாமியார் தூபம் காட்டினார். சாம்பிராணிப் புகை எங்கள் தோள்வரை எழும்பி, அதற்குமேல் போகமாட்டாமல் பக்கவாட்டில் பரவிப் புது மண்ணின் மேல் நின்றது. மூடி விழத் தொடங்கிவிட்டது என்று சொல்ல அங்கே யாருமில்லை.

மறுநாள் செல்வியின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்கும் பிள்ளைகள், புருஷன் சிங்கப்பூரில். எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, என் மேசை, இரண்டு முறை அவர் வந்தது, மின்விசிறி. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"இத அவங்க இருக்கறப்ப சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேனே" என்றாள்.

அதிகாரியின் தாளில் இருப்பதை மாற்ற முடியாது. இந்தத் தாளில் எழுதுகிறேன். ஸ்டெல்லா அம்மா, நீங்கள் சொன்னீர்கள். என்னிடம்தான் சொன்னீர்கள். இரண்டு முறை சொன்னீர்கள். போய் வாருங்கள்.