இன்னொரு யோகராணி

காலை ஆறு மணிக்கு ஃபிஞ்ச் சப்வே வாசலில் காரை நிறுத்துவேன். மி-சூக் கதவைத் திறந்து, வெளியே நின்ற குளிர் முழுவதையும் கூட்டிக்கொண்டு ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டு, "நேற்று நான் தேர்தலில் தோற்றுவிட்டேன்" என்பாள். இன்னொரு நாள், "எனக்கு அம்பெய்தலில் வெண்கலம் கிடைத்தது" என்பாள். ஒருநாள் பணிஸ் ஒன்றைக் கடித்தபடி, "என்னைப் பிடித்துவிட்டார்கள், வரி கட்டவில்லையாம்" என்றாள். முதல் கிழமை இதையெல்லாம் கேட்டபோது இந்த மனுசிக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். இவளை ஏற்றிக்கொண்டு பிறம்ரன் வரைக்கும் ஹைவேயில் போவது புத்தியான காரியமா என்றுகூட யோசித்தேன்.

விசயம் வேறு. மி-சூக் கொரியாக்காரி, என் வயதுதான். நாங்கள் இரண்டு பேரும் பிறம்ரனில் ஒரு மருந்து வெயர்ஹவுசில் பெட்டி கட்டுகிறோம். நான் ஸ்காபரோவிலிருந்து வருகிற வழியில் அவளை ஏற்றுவேன். அவளுடைய பெயர் கொரியாவில் அந்தத் தலைமுறைப் பெண் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்த பெயர். குடும்பப் பெயரோ கிம். எங்கள் ஷிஃப்டிலேயே கிம் மூன்று பேர். ஆகவே போனில் தன் பெயரைத் தட்டினால் ஓர் ஊர்ச்சனமே எழும்பி வருகிறது: அரசியல்வாதி, நீதிபதி, அம்பெய்கிறவள், நாடகங்களில் மாமியாராக வந்து மருமகளை வறுத்தெடுக்கிற நடிகை, சிறையில் இருக்கிற ஒருத்தி. அத்தனை பேருடைய சுகதுக்கங்களையும் விசாரித்துவிட்டுத்தான் இவள் வேலைக்கு வெளிக்கிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று மி-சூக் இருந்தார்களாம். பெரிய மி-சூக், சின்ன மி-சூக், மூன்றாவதாக இவளுக்கு ஏ, பி, சி என்ற கணக்கில் வெறும் 'சி' என்ற எழுத்து. கொல்ஃப் விளையாடுகிற பெண்கள் சிலர் பெயருக்குப் பின்னால் இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறார்களாம். "வெட்கமில்லையா?" என்று கேட்டேன். "எதற்கு வெட்கம்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்கள் இரண்டு பேருடைய இங்கிலிஷும் அரைகுறை. நான் அதை ஒழுங்குபண்ணித்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களை யோசித்துப் பாருங்கள். ரொறன்ரோவில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் எண்சாத்திரக்காரருக்குப் போன் போகும். அவர் சொன்ன எழுத்தில் தொடங்கி, அவர் சொன்ன கூட்டுத்தொகை வரும்படி, உலகத்தில் ஒருத்தருக்கும் இல்லாத பெயராக ஒன்றைத் தைத்து எடுப்போம். என் மகளுக்கு லிதுர்ஷனா என்று வைத்தேன். அர்த்தம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கூகிளில் தேடினால் அவள் ஒருத்திதான் வருவாள் என்பதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. ஒரே பெயரில் இன்னொருத்தி இருந்தால் பெயருக்கு மதிப்புக் குறைந்துபோகும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

என் பெயர் அப்படியல்ல. யோகராணி. நான் பிறந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒரு யோகராணி இருந்தாள். அப்பா பெயர் கந்தையா, அதுவும் அப்படியே. ஆனால் கனடாவில் நான் யோகராணியாக இருந்த நாட்கள் குறைவு. வந்த அன்றைக்குப் பெயரைப் பதிந்தவர் முன்னுக்குப் பின்னாக எழுதிவிட்டார். அன்று முதல் இருபத்தெட்டு வருடமாக வேலையிடங்களில் என்னைக் 'கண்டையா' என்றே கூப்பிடுகிறார்கள். பாவம் அப்பா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து மடிப்புக் குலையாத வேட்டியோடு போய்ச் சேர்ந்த மனுசன், இங்கே ஹோட்டல் குளியலறை கழுவவும் பெட்டி கட்டவும் என்னோடு வந்து நிற்கிறார்.

போன வருடம் எங்கள் வெயர்ஹவுசுக்குப் புதிய கொன்ராக்ட் ஒன்று கிடைத்தது. விலைகூடிய மருந்துகள். ஆகவே எல்லோருடைய பின்னணியையும் சரிபார்க்க வேண்டும் என்றார்கள், நாங்களும் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். இரண்டு கிழமை கழித்து ஆட்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஷெல்லி என்ற பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். என் பெயரில், நான் பிறந்த அதே வருடத்தில் பிறந்த ஒருத்தி, மருந்துக்கடை ஒன்றில் களவெடுத்துத் தண்டனை பெற்றிருக்கிறாளாம்.

"அது நானில்லை" என்றேன்.

"நான் உங்களை நம்புகிறேன், கண்டையா. கொம்பியூட்டர்தான் நம்பவில்லை" என்றாள் ஷெல்லி.

"அது வேறு யோகராணி. எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்" என்று சொன்னேன். அவளுடைய கண் விரிந்தது. ஏதோ ஒரு கள்ளர் கூட்டத்தைப் பற்றி நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று விளங்கிக்கொண்டாள் போல. "அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே எதையோ குறித்தாள். நான் விளக்கப் போக, அது இன்னும் சிக்கலாகியது.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். நான் விரல்ரேகை கொடுத்து, அவள் நானில்லை என்று நிரூபிக்க வேண்டும். அடுத்த கிழமையிலிருந்து முடிவு வரும்வரை சம்பளமில்லாத லீவு. நிரூபிக்க முடியாவிட்டால் வேலை இல்லை. இந்த ஒரு தடவை தப்பினாலும் இனி எந்த வேலைக்குப் போனாலும் இதே வில்லங்கம் வரும் என்பதால், பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்வது நல்லது. அதற்குரிய படிவத்தையும் அந்தப் பிள்ளை அச்செடுத்து வைத்திருந்தாள். "சின்னதாக, அழகாக, ராணி கே என்று வைக்கலாமே" என்றாள். கெட்ட பிள்ளை இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். நான் படிவத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்தபடி, "மாத்திவிடுமன்" என்றார். "உதுக்கேன் இவ்வளவு யோசினை? இஞ்ச ஆர் உம்மை யோகராணி எண்டு கூப்பிடுகினம்? நானே இஞ்சரும் எண்டுதானே கூப்பிடுறன்."

உண்மைதான். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இந்த மனுசன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

"நானும் சிவபாதசுந்தரம்தான். இப்ப சிவா. என்ன குறைஞ்சு போனன்?" என்றார்.

"முக்காவாசி குறைஞ்சு போனியள்" என்றேன்.

மனுசன் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார். நானும் எழும்பிக் கோப்பை கழுவப் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தெரியாது என்றில்லை, சொல்லியிருக்கிறேன், ஆனால் அதை அனுபவித்தவள் நான். இவர் முறையாக ஸ்பொன்சரில் வந்தவர். நான் ஏஜென்சிக்காரன் காசுக்குக் கள்ளமாகக் கொண்டுவந்த ஆள். பாங்கொக்கில் ஓர் அறைக்குள் எட்டுப் பெண்கள் ஆறு கிழமை இருந்தோம். எனக்கு ஒரு மலேசியப் பெண்ணுடைய பாஸ்போட்டில் என் படத்தை ஒட்டி, தலை மாற்றிக் கொடுத்தான் ஏஜென்சிக்காரன். அவளுடைய பெயரை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவன் சாப்பாடு கொடுத்தான். என் சொந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பினால் அடி விழுந்தது. நித்திரையில் எழுப்பிக் கேட்பான், நான் அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். நாலாவது கிழமையில் மற்றப் பிள்ளைகள் 'யோகா' என்று கூப்பிட்டபோது நான் உண்மையாகவே திரும்பவில்லை. பயந்துபோனேன். அன்றைக்கு முழுவதும் வாய்க்குள் என் பெயரையே சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன்.

விமானத்தில், சொன்னபடி, அந்தப் பாஸ்போட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன். ரொறன்ரோவில் இறங்கி, கவுண்டருக்கு முன்னால் நின்றபோது என் கையில் ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. உன் பெயர் என்ன என்று கேட்டார்கள். யோகராணி என்று சொன்னேன். ஆறு கிழமைக்குப் பிறகு முதல் தடவை சத்தமாகச் சொன்னேன். சத்தம் கூடிப்போய்ப் பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கந்தையாவை முன்னுக்குப் போட்டார்களோ பின்னுக்குப் போட்டார்களோ, அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பார்க்டேலில் நாலு பேரோடு ஒரு மெத்தையில் படுத்தபோது எனக்குச் சொந்தமாக இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

அடுத்த நாள் காலை மி-சூக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஆகா, உனக்கும் ஒருத்தி கிடைத்துவிட்டாள்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அந்த ஹைவேக் கரையிலேயே இறக்கிவிடலாம் போல இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கொரியாவில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது என்றாள். டொங்-மியொங்-இ-இன். ஒரே பெயர், வேறு ஆள். வங்கியில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் எல்லா இடத்திலும் சொல்லுவார்களாம். பெயர் ஒன்றாக இருக்கிறது என்றால், அங்கே அடுத்ததாக இவள் எந்த மி-சூக் என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

"ஆளை அறிவது அவர்களுடைய வேலை. நீ ஏன் அவர்களுடைய வேலையைச் செய்கிறாய்?" என்று கேட்டாள்.

பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னாள். மி-சூக் வீட்டில் கடைசிப் பிள்ளை. தாய் பள்ளிக்கூடம் போனது யப்பான்காரன் கொரியாவை ஆண்ட காலத்தில். எல்லோரும் யப்பான் பெயர் வைக்கவேண்டும் என்று நெருக்கினார்களாம். தாய்க்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள், அதற்குத்தான் வகுப்பில் பதில் சொல்லவேண்டும். அந்த ஆட்சி போனபிறகு முதல் தடவையாக ஆசிரியை வரவு இடாப்பில் சொந்தப் பெயரை வாசித்தபோது, அந்தச் சின்னப் பிள்ளை போட்ட கூச்சலுக்கு அடி விழுந்ததாம். அடியை வாங்கிக்கொண்டு சிரித்ததாம். தாய் சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றாள் மி-சூக்.

பெயர் மாற்றுகிற படிவத்தை அன்றைக்கே ஷெல்லியின் மேசையில் திருப்பி வைத்தேன். விரல்ரேகை கொடுக்கிறேன், பெயரைக் கொடுக்கமாட்டேன் என்றேன். அந்தக் களவெடுத்த யோகராணி மேல் எனக்கு முதலில் நல்ல கோபம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அவளுக்கும் ஒரு கந்தையா ஆசையாய்ப் பெயர் வைத்திருப்பார். அவள் செய்ததற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள், தண்டனையும் பெற்றுவிட்டாள். அவளுக்குப் பயந்து என் தகப்பன் வைத்த பெயரை விட்டு ஓட எனக்கு என்ன வந்தது?

விரல்ரேகைப் படிவத்தில், வேறு பெயர்கள் ஏதாவது பாவித்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை எண்டு போடும். கிளறிவிடாதையும்" என்றார். அகதி விசாரணையில் நீதிபதிக்கு அன்றைக்கே சொன்னதுதானே, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஓம் என்று போட்டு அந்த மலேசியப் பெண்ணின் பெயரை எழுதினேன். பக்கத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். உயிர் தப்புவதற்காக என்று எழுதினேன்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த இடத்தில் ரேகை எடுத்தார்கள். கையுறை போட்ட ஒரு பொடியன் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து உருட்டினான். மெஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தான், சிவப்பு. கிரீம் பூசிவிட்டு வைத்தான், சிவப்பு. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டான். ஹோட்டலில் குளியலறை கழுவினேன், ஒன்பது வருடம், கையுறை தராத காலம். பிறகு மீன் ஃபாக்டரி. பிறகு பெட்டி மட்டை, அதை ஒட்டுகிற ரேப், பன்னிரண்டு வருடம். அவன் என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அன்ரி, ரேகை எல்லாம் தேய்ஞ்சு போச்சு" என்று நல்ல தமிழில் சொன்னான்.

நான் என் விரல்களைப் பார்த்தேன். கோவில் தூண் மாதிரி வழவழவென்று இருந்தன. இத்தனை வருடம் இந்தக் கையால்தானே சமைத்தேன், பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்தேன், ஒருநாளும் கவனித்ததில்லை. நான் ஆர் என்று இந்த நாட்டுக்குக் காட்ட இந்தப் பத்து விரலைத்தான் கேட்டார்கள். அதை இந்த நாடே துடைத்து எடுத்துவிட்டது. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை மை பூசி, கடுதாசியில் அமத்தி, இரண்டு பெருவிரலும் ஒரு மோதிரவிரலும் ஓரளவுக்குப் பதிந்தன. அது போதுமாக இருந்தது. ஏழு கிழமைக்குப் பிறகு, அந்தக் களவெடுத்தவள் நான் இல்லை என்று கடிதம் வந்தது.

வேலைக்குத் திரும்பிப் போனபோது வாசலில் புதிய மெஷின் ஒன்று பூட்டியிருந்தார்கள். விரலை வைத்தால் கதவு திறக்கும். எல்லோருக்கும் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை. விரலை மெஷின் பிடிக்காதவர்கள் பெயரை முழுதாகத் தட்டவேண்டுமாம். ஷெல்லி ஓடி வந்தாள். "பதினைந்து எழுத்து, கண்டையா. ஒவ்வொரு நாளும் கஷ்டப்படப் போகிறீர்கள். ராணி கே என்று போட்டுத் தரட்டுமா? ஐந்தே எழுத்து" என்றாள்.

"ஷெல்லி, கந்தையா என் அப்பா. அவர் செத்துப் பதினெட்டு வருடம். நான் யோகராணி" என்றேன். அவள் முகம் சிவந்தது. மெல்லச் சொல்லிப் பார்த்தாள், முக்கால்வாசி சரியாக வந்தது. பிறகு என் கையை விரித்து அவளுக்குக் காட்டினேன். "இதை உங்களுக்குத் தந்துவிட்டேன். மற்றதைத் தரமாட்டேன்" என்றேன். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

இப்போது ஒவ்வொரு நாள் காலையும் அந்த மெஷினுக்கு முன்னால் நின்று, இங்கே தேய்ந்த விரலால், அங்கே வைத்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன். விண்டரில் விரல் விறைத்து எழுத்துப் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பின்னால் ஷிஃப்ட் முழுவதும் குளிருக்குள் வரிசையில் நிற்கிறது. நிற்கட்டும்.