பதினான்காம் பெட்டி ரவைகள்

நியூ சவுத் வேல்ஸில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும், ரவை வெடிக்காவிட்டால் சிட்னியில் எங்கள் கிரவீனுக்கு வந்து என் மூக்கிடம்தான் கேட்பார்கள். எல்லோரும் என்பது கொஞ்சம் கூடத்தான். ஒருவர். அவரும் எங்கிருந்தும் வரவில்லை; எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கேட்கவும் இல்லை, நானாகத்தான் சொன்னேன். மூக்கு மட்டும் உண்மை.

அந்த ஒருவர் என் மகள் யோகாவின் கணவர் கதிர்காமநாதன். வயது ஐம்பத்திரண்டு. கடைத் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது அவர் வேலை. இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பதே சம்பந்தம் பேசிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோழிக்கடைத் தராசு ஐந்து கிராம் பிசகியிருந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது. தேநீருக்குச் சீனி போடும்போது கரண்டியின் தலையை விரலால் வழித்து மட்டமாக்கித்தான் போடுவார். இருபத்தைந்து வருடமாக யோகா இவரோடு குடித்தனம் நடத்துகிறாள். முத்திரை ஒட்டுவதென்றால் அவளுக்குத்தான் ஒட்ட வேண்டும்.

பருத்தித்துறையில் வெடிச்சத்தம் கேட்டு ஓடி, பதுங்குகுழிக்குள் கிடந்து, கடைசியில் கடல் தாண்டி வந்த மனிதர். வந்த இடத்தில் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். நாற்பத்தைந்து வயதில், கூட வேலை செய்த ஒருவர் வின்சருக்கு அப்பால் ஒரு சுடுகழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அடுத்த வருடம் கராஜின் சீமெந்துத் தரையில் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டி பூட்டியாகிவிட்டது. பொலிஸ் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. சத்தத்துக்குப் பயந்து வந்தவர், அதே சத்தத்துக்குச் சந்தா கட்டுகிறார்.

"உங்களுக்கு அங்க கேட்டது போதாதோ தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும் மாமி. அது வேற, இது வேற," என்றார். இத்தனை சொல் சேர்த்துப் பேசுவதே அவருக்கு அபூர்வம். பேசத் தெரிந்தால்தானே.

கடையில் விற்கும் ரவை இவருக்குப் பிடிக்காது. ஒன்றுக்கொன்று நிறை வித்தியாசமாம். தானே செய்வார். வெடித்த வெறும் பித்தளைக் கூட்டைக் கழுவி, அடியில் புதிய பிரைமர் பொருத்தி, உள்ளே மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் ஈயக்குண்டை வைத்து இறுக்கினால் ஒரு ரவை. பிரைமர் என்பது அடியின் நடுவில் இருக்கும் சின்ன வட்டத் தகடு. துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால்தான் பொறி பறக்கும். ஐம்பது ரவைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு இலக்கம், திகதி, மருந்தின் நிறை எல்லாம் எழுதி ஒட்டியிருப்பார். ஊறுகாய்ப் போத்தலுக்கு இத்தனை மரியாதை என் தாயார்கூடச் செய்ததில்லை.

போன ஒக்டோபரில் அவருடைய கழகம் மெல்பேர்னில் நடக்கும் ரிவால்வர் போட்டிக்கு நான்கு பேரைத் தெரிவு செய்தது. மூன்று வார இடைவெளியில் இரண்டு தெரிவுப் போட்டிகள். நல்லது எதுவோ அதுதான் கணக்கு. ஏழு வருடமாக இதற்குத்தான் இந்த மனிதர் காத்திருந்தார். மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்லியும்விட்டார். வாய் திறக்காத மனிதர் வாய் திறந்த இடம் அது.

முதல் போட்டியில் ரிவால்வர் "டிக்" என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை. அதே ரவையை இன்னொரு சுற்று கொண்டுவந்து அடித்தபோது வெடித்தது. இப்படி ஒன்பது தரம். நேரம் போனது, புள்ளி போனது, எட்டாம் இடம்.

வீட்டுக்கு வந்து, ரவைக் கணக்கு எழுதும் கொப்பியைத் திறந்தார். வேறு மனிதர் என்றால் இரண்டு கெட்ட வார்த்தை பேசிவிட்டுக் குளித்திருப்பார்.

பிரைமர் ஆழமாக இறங்காததால் இருக்கும் என்று முதலில் சந்தேகம். அப்படியென்றால் முதல் அடி அதை உள்ளே தள்ள, இரண்டாவது அடி வெடிக்க வைக்குமாம். போட்டிக்குக் கொண்டுபோன பெட்டியில் மீதி இருந்த ரவைகளின் அடியில் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் துருத்தவில்லை. பிறகு பிரைமர் தகடு கடினம் என்றார். வேறு வகைப் பிரைமர் போட்டுப் புதிதாகப் பத்து செய்தார். பத்தும் வெடித்தன. முகத்தில் ஒரு வெளிச்சம்! அதை அணைக்க, பழைய வகைப் பிரைமர் போட்ட பதின்மூன்றாம் பெட்டியிலிருந்து பத்தை எடுத்துச் சுட்டார். அவையும் வெடித்தன.

கழகத்து மூத்தவர் கிளென் சிரித்தாராம். விசை மெதுவாக இழுபடட்டும் என்று இவர் உள்ளே இருக்கும் சுருள்வில்லைத் தளர்த்தி வைத்திருந்தார். "அதை இறுக்கு, ஊசி பலமாகக் குத்தும்" என்றார் கிளென். அரைச் சுற்று இறுக்கினார். டிக் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. விசை கனத்து, குறியும் விலகத் தொடங்கியது. இருந்த நோயோடு இன்னொரு நோய்.

பதினான்காம் பெட்டி மட்டும்தான் குழப்புகிறது என்று கொப்பி சொன்னது. அதே கூடு, அதே மருந்து, அதே குண்டு, அதே பிரைமர். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றப் பெட்டியால் சுட வேண்டியதுதானே? மூளை உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"காரணம் தெரியாட்டி மற்றப் பெட்டியையும் எப்பிடி நம்புறது?" என்று யோகாவிடம் சொன்னார். "நான் போட்டியில இருந்து பேரை எடுக்கப்போறன்."

"ஏழு வருசமப்பா!"

"ஓம். தெரியாத ரவையோட போய் நிக்க ஏலாது."

இரண்டாவது போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கராஜ் குளிர்பெட்டியில் மீன் எடுக்கப் போனேன். பதினான்காம் பெட்டியைத் திறந்து வைத்து, செத்தவீட்டுக்கு வந்தவர்போல் குந்தியிருந்தார். ரவைகள் தலைகீழாக, பித்தளை அடி மேலே தெரிய, வரிசை வரிசையாக நின்றன.

"தம்பி, சந்தனம் மணக்குது," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

காரியம் இதுதான். ஆயுத பூசை அன்று இந்த அறிவாளி, ரவை செய்யும் யந்திரத்துக்குப் பொட்டு வைத்த கையோடு, பக்கத்தில் இருந்த பெட்டியில் ஐம்பது ரவைக்கும் ஒவ்வொரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். ஐம்பது வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம். நெற்றி மாதிரி இருந்தால் மனம் கேட்காதுதான். மறுநாள் துணியால் துடைத்தார். துடைத்தது போதவில்லை. பன்னீரில் குழைத்த சந்தனம் பிரைமரின் மேல் காய்ந்து தோலாகிவிட்டது. மஞ்சள் பித்தளையில் மஞ்சள் சந்தனம், யார் கண்ணுக்குத் தெரியும்? ஊசியின் முதல் அடியைச் சந்தனம் வாங்கிக்கொண்டது. இரண்டாவது அடிதான் தகட்டில் பட்டது. கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் முத்திரை ஒட்டுகிறவருக்கு, பொட்டுக்கும் ஒரு கனம் உண்டு என்று தெரியவில்லை.

மீதி ரவைகளை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்தார். சுருள்வில்லைப் பழையபடி தளர்த்தினார். புதன்கிழமை பயிற்சியில் ஒன்றுகூட டிக் எனவில்லை. சனிக்கிழமை போட்டியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் நான்காம் இடம். கிளெனிடம், "பிழை என்னுடையதுதான்" என்றாராம். ஒப்புக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

மெல்பேர்னுக்குப் போக இரண்டு நாள் முன்னம், நார்த்மீட்டிலிருந்து அவருடைய சிநேகிதர் விக்னராஜா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். கதிர்காமநாதன் தலை நிமிராமல் மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார். ரவைக்குப் பொட்டு வைத்த இடம் வந்ததும் விக்னராஜா கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய் கதிர், நீயடா வைச்சனீ? உனக்கு என்ன விசரே?"

கதிர்காமநாதன் இன்னொரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

குசினியிலிருந்து சோற்றுக் கோப்பையோடு வந்த யோகா அதை மேசையில் வைத்தாள்.

"விக்னராஜா அண்ணை, பொட்டு வைச்சது இவர் இல்லை. 'லைசன்ஸ் இல்லாத ஆக்கள் ரவையைத் தொடக்கூடாது மாமி' எண்டு இவர் சொல்லச் சொல்ல, 'ஆயுத பூசையில ஆயுதத்துக்குப் பொட்டில்லையோ' எண்டு ஐம்பதுக்கும் வைச்சது அம்மா. மணந்து கண்டுபிடிச்சவவாம்!"