ஞாயிற்றுக்கிழமைப் படகு

இன்று காலை பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். நான் ஜீரோவைப் பார்ப்பதற்குள் ரூபாய் ஓட ஆரம்பித்துவிட்டது. லிட்டர் மட்டும் தனக்கென்ன அவசரம் என்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக இந்த வயதில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே கிளம்பினேன் என்று கேட்பீர்கள். பிறகு சொல்கிறேன். டேங்க் மூடியைத் திறந்ததும் வருகிற அந்த வாசனை இருக்கிறதே, அது எனக்கு ரோட்டை நினைவுபடுத்துவதே இல்லை, தண்ணீரைத்தான் நினைவுபடுத்தும். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு காலத்தில் நான் பாதி மோட்டார் படகுக்குச் சொந்தக்காரன்.

மீதிப் பாதி செங்கோட்டுவேலுடையது. நாமக்கல்லில் நாலு லாரி வைத்திருந்தான். நான் அவன் வண்டிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸில் இருந்தேன். என் மனைவி இறந்துபோய் அப்போது ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். ஆபீஸ் பூட்டியிருக்கும், வீடு திறந்திருக்கும். அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

லாரிக்காரனுக்கு வண்டி காலியாகத் திரும்புவதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. கொச்சியில் சரக்கு இறக்கிய வேலின் வண்டிக்குத் திரும்பு லோடு கிடைக்கவில்லை. சும்மா வரவேண்டாமே என்று பழைய பைபர் படகு ஒன்றை விலைக்கு வாங்கி ஏற்றி வரச் சொல்லிவிட்டான், பாதிப் பங்கு என் பேரில். உலகத்தில் எவனாவது இப்படிப் படகு வாங்கியிருப்பானா? சங்ககிரியில் டீக்கு நிறுத்தியபோது சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார்களாம்.

விற்றவரிடம் வேல் போனில் கேட்ட முதல் கேள்வி, "மைலேஜு எவ்வளவுங்க குடுக்கும்?" அந்த மனிதர் வெகுநேரம் சிரித்தார். படகுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்பதுதான் கணக்கு. எங்கள் மண்டையில் அது ஏறவே இல்லை. மேட்டூர் அணைத் தண்ணீரில், பண்ணவாடிப் பக்கம் இறக்கினோம். முதல் நாளே வேல் நல்ல வேகம் பிடித்து, தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி டிரைவர்கள் செய்வது போலச் சட்டென்று எஞ்சினை அணைத்தான். "இனி சும்மாவே போவும்டா" என்றான். படகு பத்தடி போய் நின்றது. பிறகு காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேற்றில் செருகியது. பரிசலில் வந்த மீன்காரர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். "இல்லீங்க, மிச்சம் புடிக்கறோம்" என்றான் வேல், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த வருஷங்களில் பெட்ரோல் ஏறிக்கொண்டே போனது. முதலில் மறுகரை வரை போய் வந்தோம். தண்ணீர் வற்றி, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை தலை காட்டினால் அதையும் ஒரு சுற்று. பிறகு நடுத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டோம். கடைசியில் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஓடுகிற நேரம் குறையக் குறைய, அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் கூடியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது மனைவியை நினைத்து அழுதுவிட்டேன். வேல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கடலையை உரித்து உரித்து என் பக்கம் வைத்தான்.

ஆனால் அவனுக்கு வேகம்தான் பிடிக்கும், எனக்காகத்தான் பெட்ரோலுக்குக் கொட்டி அழுகிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டு லாரியை வேறு அப்போது விற்றிருந்தான். கட்டுப்படியாகவில்லை, படகை விற்றுவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப ஞாயித்துக்கெழம நாம என்னடா பண்றது?"

"ஊட்ல படுத்துத் தூங்கு."

வேடிக்கை என்று நினைத்துச் சொன்ன பதில். இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

வாங்க ஆள் வரவில்லை. பெட்ரோல் விற்கிற விலைக்கு யார் படகு வாங்குவார்கள்? கடைசியில் வந்த புரோக்கர் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தொட்டி உங்களுக்கே இருக்கட்டும் என்றார். படகைப் போய்த் தொட்டி என்று அவர் சொன்னதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தொட்டியைப் பைபாஸ் ஓட்டல்காரர் ஒருவர், குழந்தைகள் ஏறி விளையாடட்டும் என்று, கிட்டத்தட்டச் சும்மா வாங்கிப் போனார். படகு போனபிறகு நானும் வேலும் சந்திப்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. வெறுமனே போய்ப் பார்க்க ஆம்பிளைகளுக்கு எங்கே தெரிகிறது? அவன் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டான்.

போன வாரம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பேச ஒன்றும் அகப்படாமல், நம் படகு இன்னும் அந்த ஓட்டல் வாசலில்தான் நிற்கிறதாம் என்றேன்.

"எஞ்சின் இருக்குதா?"

"எஞ்சினைத்தான் அன்னிக்கே வித்துட்டமேடா, வெறும் தொட்டி."

தாம்பூலப் பையைக் கை மாற்றிக்கொண்டான். "அப்பப் பெட்ரோலே ஆவாதே. எனக்கு அன்னிக்கும் அதே போதும்டா. கரையிலயே கட்டிப்போட்டுட்டு உக்காந்திருக்கலாம்." அதற்குள் மகன் காரிலிருந்து கூப்பிட்டான். வேல் போய்விட்டான்.

அதனால்தான் இன்றைக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு பைபாஸுக்குப் போனேன். ஐந்து நிமிஷமாவது அதில் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்தே வேலுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணம். படகு இருந்தது. உள்ளே விளிம்பு வரை மண் கொட்டி அரளி நட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் பூத்திருக்கிறது, உட்கார இடமில்லை. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன்.