மூணாம் டேபிள்

செங்கொடி ஐந்து வயதில் திருவொற்றியூர் தேர்க் கூட்டத்தில் தொலைந்து போனவள். அரை நாள் அலைந்து கண்டுபிடித்த அம்மா பூவம்மா, அடுத்த வாரமே மகளின் வலது மணிக்கட்டில் அவள் பெயரைப் பச்சை குத்த வைத்துவிட்டார். யார் கையில் கிடைத்தாலும் இன்னார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

அந்தக் கையை வைத்துத்தான் தண்டையார்பேட்டையில் ஒரு தோல்பை கம்பெனியில் வேலை பார்த்தாள். மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்துப் போடும் தையல். அவளைப் போலப் போட அங்கே ஆளில்லை. அவள் தைத்த பைகள் வெளிநாட்டில் கண்ணாடி அலமாரிக்குள் உட்காரும். ஆனால் மேனேஜர் ரகுபதி அவளைக் கூப்பிட்டது 'மூணாம் டேபிள்' என்றுதான்.

2009இல் வெளிநாட்டு முதலாளிகளுக்கு ஒரு யோசனை வந்தது. பை வாங்குகிறவர்கள் இணையதளத்தில் அது உருவாவதைப் பார்க்க வேண்டுமாம். கேமராவோடு வந்து செங்கொடியின் கைகளை மட்டும் எடுத்தார்கள். முகம் வேண்டாம் என்றார்கள். அவள் கவலைப்படவில்லை. கையில்தான் பெயர் இருக்கிறதே.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, தெருவையே கூட்டிக்கொண்டு வியாசர்பாடியில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டாள். பூவம்மாவை முன் நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் பக்கத்தைத் திறந்தேன். கை வந்தது, ஊசி வந்தது. மணிக்கட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் பெயரைத் துடைத்திருந்தார்கள்.

"இது வேற யாரோ கையி," என்றார் பூவம்மா.

செங்கொடி மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தொலைஞ்சு பூடக் கூடாதுன்னு குத்துன பேரு ஜெபாண்ணா இது. இவனுங்க பட்டப்பகல்ல தொலச்சுட்டானுங்கோ. நான் வுட மாட்டேன்."

படம் நன்றாக ஓடியிருக்க வேண்டும். அடுத்த மாதம் நேரடி ஒளிபரப்பே வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டே கேள்வியைத் தட்டலாம். ரகுபதி படித்துப் பதில் சொல்வார். நேரடியில் எதையும் துடைக்க முடியாது. அதனால் அன்று காலையிலேயே அவள் மணிக்கட்டில் தோல் நிறப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். எடுத்தால் வேலை கிடையாது என்றும் சொல்லி வைத்தார்.

மூன்று மணிக்கு நானும் பூவம்மாவும் என் கடையில் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் நின்று நின்று வந்தது. பத்துத் தையல் போட்டாள். பிறகு ஊசிகளைக் கீழே வைத்தாள். அவசரமே இல்லாமல் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, உரித்து, மேஜையில் ஒட்டினாள். மறுபடி ஊசிகளை எடுத்தாள். ஒவ்வொரு இழுப்பிலும் பெயர் மேலே வந்தது. நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

கையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் தட்டி முடிப்பதற்குள் எந்த ஊர்க்காரரோ முந்திக்கொண்டார். அதே கேள்வி வரிசையாக வந்து விழுந்தது. ஏதோ டிசைன் என்று இங்கிலீஷில் சமாளித்தார் ரகுபதி.

"டிசைன் இல்ல சார், எம்பேரு," என்று செங்கொடியின் குரல் கேட்டது. "மை நேம் செங்கொடி."

அத்தோடு ஒளிபரப்பு நின்றது. வேலையும் அன்றே நின்றது. தன் சொந்த ஊசிகள் இரண்டையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இனி கஞ்சிக்கு என்ன வழி என்று பூவம்மா அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் ரகுபதி விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்து அவள் வீட்டைக் காட்டச் சொன்னார். ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் அவள் பெயரைச் சொல்லியே பை கேட்கிறார்களாம். பெயரோடு படம் போட முதலாளிகளும் சம்மதித்துவிட்டார்களாம்.

கூட்டிப் போனேன். செங்கொடி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"மூணாம் டேபிள் காலியாத்தாம்மா இருக்கு. நாளைக்கு வந்துடு," என்றார்.

"யாரு வரணும் சார்?"

ரகுபதி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"செங்கொடி வரணும்," என்றார்.

"காதுல வுழல சார், தண்ணி வந்துகினு கீது," என்றாள் அவள், நிமிராமலே. "இன்னொரு தபா சொல்லு."