டெல்மரின் நாற்பத்தோரு பவுண்டு வில்

டெல்மர் ஸ்ட்ரௌப் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஹார்டுவேர் கடையில் பலகைப் பகுதி அவருடையது, பெயிண்ட் கலக்கும் மேடை என்னுடையது. நடுவில் ஒரு நடைவழி. நாலு வருஷமாக அந்த வழிக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுகிற நேரத்தில் வந்து பன்னிரண்டு பலகையை அறுத்துத் தரச் சொல்பவர்களுக்கும் அறுத்துக் கொடுப்பார். அறுத்த பிறகு அளவு தப்பு என்பார்கள். அதற்கும் சிரிப்பார்.

வில் செய்கிறவர்கள் பலகை வாங்க வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். சிவப்பு ஓக் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, நுனியைக் கன்னத்தில் வைத்து, குறி பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பார்கள். மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விலகாமல் ஓட வேண்டும். நடுவழியில் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டால் வில் என்றாவது அந்த இடத்தில் உடையும். ஐம்பது பலகைக்கு ஒன்று தேறினால் அதிகம். டெல்மருக்கு அந்த ஒன்று லாரியிலிருந்து இறங்கும்போதே கண்ணில் பட்டுவிடும். எடுத்து ஒதுக்கி வைத்து, அடுத்து வருகிறவன் கையில் கொடுத்துவிடுவார்.

அவருக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. மனைவி கார்லா அவரைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கார்லாவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேசினதெல்லாம் கார்லாவின் அண்ணன் தம்பிகளான ஹார்லன் பிக்கெட், ராய்ஸ் பிக்கெட் பற்றி. ஊருக்கு வடக்கே காட்டுக்குள் அவர்களுக்கு ஒரு வேட்டை கேம்ப் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் வில் சீசன் திறக்கும்போது ஏழெட்டுப் பேர் அங்கே பத்து நாள் தங்குவார்கள். இரும்பும் கப்பியும் வைத்த கடை வில் அங்கே ஆகாது, மர வில் மட்டும்தான். பத்தொன்பது வருஷம் டெல்மர் அந்த வீட்டு மருமகனாகப் போய்வந்தார். மாமனார் செய்து கொடுத்த வில்லோடு போவார். கார்லா போனபோது அந்த வில்லும் பிக்கெட் வீட்டுக்கே போய்விட்டது.

ஒரு ஜனவரி மாதம் ஹார்லன் ஆணி வாங்க வந்தார். பில் போடும் இடத்தில் டெல்மரைப் பார்த்து, போகிற போக்கில் சொன்னார்: “வெளியாளுங்களுக்கு என்ன சட்டமோ அதான் உனக்கும். சொந்தக் கையால ஒரு வில் பண்ணி எடுத்துட்டு வா. வேண்டாம்னா சொல்லப் போறோம்?”

ஹார்லன் அதைச் சொன்னபோது மீதிச் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். டெல்மர் கவனிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒன்பது மாதம் வாழ்ந்தார்.

“தம்பி, சட்டம் ரொம்ப எளிசு,” என்றார் மதியச் சாப்பாட்டின்போது. “இருபத்தெட்டு அங்குலம் இழுத்தா நாற்பது பவுண்டு காட்டணும். அதுக்குக் கீழ போனா மான் சாகாது, காயத்தோட ஓடி அவதிப்படும். அப்புறம் நானே செஞ்சதுதான்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். நீ வர்றியா?”

“எனக்கு வேட்டையெல்லாம் தெரியாதுங்க.”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா பாரு. அதான் உனக்கு நல்லா வருமே.”

பிப்ரவரியில் இறங்கின ஒரு பலகையைத் தனக்கென்று முதல்முறையாக ஒதுக்கி வைத்தார். ரேகை கோடு போட்டதுபோல ஓடியது. இரண்டு நாள் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து, “நல்லதா ஒண்ணு இருக்கா டெல்மர்?” என்றார். நான் பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டே பார்த்தேன். டெல்மர் உள்ளே போய் அதையே எடுத்துவந்து கொடுத்தார்.

தனக்கு அடுத்த தரத்துப் பலகையை வைத்துக்கொண்டார். பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி ரேகை விளிம்பை விட்டு வெளியே நழுவியது. “இவ்வளவுதானே, ஒண்ணும் ஆகாது,” என்றார். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் பலகையைப் பிடுங்கி மறுபடி அடுக்கில் போட்டிருப்பார்.

சனிக்கிழமைகளில் அவர் கார் ஷெட்டுக்குப் போவேன். சுவரில் ஒரு கட்டை அடித்து, அதன்மேல் வில்லைப் படுக்கவைத்து, நாணில் கயிறு கட்டி, தரையில் பதித்த கப்பி வழியாக அதை இழுத்து, எதிர்ச் சுவரோரம் நின்று வளைவைப் பார்ப்பார். எங்கே வளையவில்லையோ அங்கே பென்சில் கோடு. இறக்கி, கோடு போட்ட இடத்தை மட்டும் சுரண்டுவார். ஐந்தாறு சுரண்டல், அதற்குமேல் கிடையாது. மறுபடி ஏற்றி, மெதுவாக முப்பது முறை இழுத்து விடுவார்.

“சுரண்டினது மரத்துக்கு உடனே தெரியாது தம்பி. இழுத்து இழுத்துத்தான் சொல்லணும்.”

இருபத்துமூன்று அங்குலத்தில் அது உடைந்தது. ரேகை நழுவிய அதே இடத்தில். கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். டெல்மர் துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த முனையைத் தடவிப் பார்த்து, “என்மேலதான் தப்பு,” என்றார். அது உண்மைதான். ஆனால் அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார், அதனால் அந்த வார்த்தைக்கு எடையே இல்லாமல் போயிருந்தது.

இரண்டாவது பலகை ஏப்ரலில் கிடைத்தது. இந்த முறை அதை ஒதுக்கிவைக்காமல் அன்றைக்கே வாங்கி என் காரில் போட்டுவிட்டார். வில்லின் முதுகில், அதாவது வெளிப்பக்கத்தில், லினன் துணி ஒட்டினால் மர நார் பிளக்காது என்று எங்கோ படித்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே லினன், கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த நீலக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு. அதை நீளமாகக் கிழித்துப் பசை தடவி ஒட்டினார். கிழிக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வில் முழு அளவுக்கு வளைந்தது. பிடிக்கு மேலே இருக்கும் மேல்கையும் கீழே இருக்கும் கீழ்க்கையும் ஒரே சீராக, பிறை மாதிரி. இருபத்தெட்டு அங்குலத்தில் நாற்பத்தோரு பவுண்டு. அளவுகோலைப் பார்த்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கோடைக்காலச் சட்டை முழுக்க மரத்தூளோடு, பீர் குடிக்காமலே, ஏதோ குடித்தவர்போல இருந்தார்.

“ஒரு பவுண்டு தாராளமாவே இருக்கு,” என்றார். “யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

சீசன் திறப்பதற்கு முந்தின நாள் மதியம் என் காரில் போனோம். வழியெல்லாம் வில் அவர் முழங்கால்மேல் கிடந்தது. கேம்பில் ஆறு பேர் இருந்தார்கள். அடுப்பில் சில்லி என்கிற காரக் குழம்புக்கு மாட்டிறைச்சி வதங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் சமைக்கப் பிடிக்கவில்லை என்பது வாடையிலேயே தெரிந்தது. ராய்ஸ் வாசலில் நின்றிருந்தார். ஆறரை அடி ஆள்.

“வாங்க வாங்க டெல்மர்! கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? இது யாரு, பெயிண்ட் தம்பியா? எங்க கதவுக்கெல்லாம் ஒரு கோட்டு அடிச்சிட்டுப் போயேன்.”

முன்பெல்லாம் ராய்ஸ் இவரை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவாராம். அன்றைக்கு ‘டெல்மர்’ என்றார். டெல்மர் அந்தப் பழைய ‘மச்சானு’க்குக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

ஹார்லன் உத்திரத்தில் தொங்கிய ஸ்பிரிங் தராசில் நாணை மாட்டி வில்லைக் கீழே இழுத்தார். இருபத்தெட்டு. முள் நாற்பத்தொன்றில் நின்றது. “தேறிடுச்சு,” என்றார். பிறகு வில்லின் முதுகைத் தடவி, கண்ணைச் சுருக்கி, “ஏய், இது எங்கம்மா கொடுத்த மேஜை விரிப்பு இல்ல?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார். கடைசியில் நிறுத்தியவர் அவர்தான்.

என்னைப் பார்த்து ஹார்லன் கேட்டார்: “இவன் கையால செஞ்சதா?”

“ஆமாங்க. முழுக்கப் பார்த்தேன்.”

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டு. புது வில்லை மேஜையைச் சுற்றிக் கொடுப்பார்கள், ஆளுக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். இழுப்பதற்கு முன்னால் ‘எத்தனை அங்குலம்?’ என்று செய்தவனைக் கேட்க வேண்டும், அவன் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. தாண்டி இழுத்து உடைத்துவிட்டால், உடைத்தவன் தன் வில்லைச் செய்தவனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் டெல்மர் காரிலேயே சொல்லியிருந்தார்.

ஹார்லன் கேட்டார், டெல்மர் “இருபத்தெட்டு” என்றார். ஹார்லன் இருபத்தேழில் நிறுத்தி மெல்ல இறக்கினார். “இனிப்பா இழுக்குதுடா,” என்றார். டெல்மரின் காது சிவந்தது. இன்னும் நாலு பேர் கேட்டார்கள், இழுத்தார்கள், இறக்கினார்கள்.

ராய்ஸ் கேட்கவில்லை.

“ஜன்னல் சட்டத்துக்கு அறுத்த பலகை, என்ன பெரிய வில்லு,” என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அந்தக் கை நீளத்துக்கு இருபத்தெட்டு என்பது பாதி வழி மாதிரி. நாண் அவர் கன்னத்தைத் தொட்டது, தாண்டியது. மரத்துக்குள் எங்கோ ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அறையில் வில் தெரிந்தவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும். காது வரை போனது. முப்பது இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். டெல்மர் வாயைத் திறந்தார். ‘போதும்’ என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

“நல்லா இருக்கா ராய்ஸ்?” என்றார் டெல்மர்.

வில் வெடித்தது. மேல்கை துண்டாகிப் பறந்து பாத்திர அலமாரியில் மோதியது. ஒரு சிலாம்பு ராய்ஸின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள், துண்டு, ஐஸ், நாற்காலி என்று ஓடினார்கள். முதலில் ஓடியவர் டெல்மர். தன் கைக்குட்டையை அவர் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடு ராய்ஸ், மன்னிச்சிடுப்பா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வில்லின் கீழ்க்கை, நாணோடு, அவர் காலடியில் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

ரத்தம் நின்றபின் ஹார்லன் உட்கார்ந்தார். நேர்மையான மனுஷன்தான், தம்பி என்பதற்காகச் சட்டத்தை விடுகிறவரில்லை. “அளவைத் தாண்டினியா?” என்று தம்பியைக் கேட்டார்.

“இல்ல. இருபத்தெட்டுதான். பலகை வேலைக்கு ஆகாதது.”

“நீ கேக்கவே இல்லையே.”

“நாலு பேர் கேட்டது காதுல விழுந்துச்சே. திரும்ப வேற கேக்கணுமா?”

ஹார்லன் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சாட்சியா வந்தவன். எங்க ஆளுங்க யாரும் வேண்டாம், நீ சொல்லு. அதிகமா இழுத்தானா?”

வாழ்க்கையில் என்னை நம்பி யாரும் கேட்ட முதல் பெரிய கேள்வி அது. கன்னம், காது, அதன் பின்னால் நாண், எல்லாம் அப்போதும் கண்முன்னால் இருந்தது. ஆமாம் என்றால் ராய்ஸின் வில் டெல்மருக்கு. பத்து நாளும் அவருக்கு. நான் டெல்மரைப் பார்த்தேன். அவர் ராய்ஸின் பின்னால் நின்று, கைக்குட்டையைப் பிடித்தபடியே, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. கெஞ்சுகிற மாதிரி.

“சரியா கவனிக்கலைங்க,” என்றேன்.

டெல்மர் உடனே பேசினார். “பலகைதான் ஹார்லன். என்மேலதான் தப்பு.”

ஹார்லன் சற்று நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்காது. “அப்ப வில் இல்ல. வில் இல்லாதவன் தங்க முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்,” என்று எழுந்தார்.

அப்போது ராய்ஸ், கண்ணின் மேல் ஐஸை வைத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணுகிற குரலில் சொன்னார்: “விடுண்ணா. அடுப்பைப் பாத்துக்க ஆள் வேணும்ல. இருந்துட்டுப் போகட்டும். என்ன மச்சான், சமைப்பியா?”

டெல்மரின் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, நாற்பத்தோரு பவுண்டு காட்டிய அன்றைக்குக்கூட. அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காரைக் கிளப்பும் முன் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். “வாங்க, போயிடலாம். நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன். இப்பவும் நேரம் இருக்கு.”

“சொன்னா ராய்ஸ் போகணுமே தம்பி. அவன் போயிட்டா அவங்க யாரும் என்கூடப் பேச மாட்டாங்க. வில்லை வெச்சுக்கிட்டு நான் மட்டும் காட்டுல என்ன பண்ணப் போறேன்?”

அவர் மறுபடி வில் செய்யவில்லை. ஐந்து வருஷமாகச் செப்டம்பரில் லீவு எடுத்துக்கொண்டு போகிறார், கடையிலிருந்து ஒரு பெரிய வாணலியோடு. விடியும் முன்னே பிஸ்கட் என்கிற சுட்ட ரொட்டியும் அதற்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பும் தயார் செய்து அவர்களைக் காட்டுக்கு அனுப்புகிறார். திரும்பிவந்தால் மானை உரித்துக் கொடுக்கிறார். பலகை வில் கண்ணைக் குருடாக்கப் பார்த்த கதையை ராய்ஸ் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும்போது, தழும்பு எந்தப் புருவத்தில் என்று எடுத்துக்கொடுப்பதும் டெல்மர்தானாம். இதையும் அவரே வந்து, நடைவழிக்கு அந்தப் பக்கம் நின்று, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.