பழம் வைக்காத மூலை

"சாப்பிட்டியா?" என்று மொட்டைமாடி மூலையில் இருக்கும் சாம்பல்நிறப் பெட்டியிடம் கேட்டுவிட்டுத்தான், சியூ-மோய் தோல் சீவிய பெர்சிமன் பழங்களை, தக்காளி மாதிரி இருக்கும் அவற்றை, காயவைக்க மூங்கில் தட்டுகளில் பரப்ப ஆரம்பிப்பார். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் உலர்ந்த துணியால் அதன் முகத்தைத் துடைத்துவிடுவார். கணவர் லியூவுக்குப் பொறுக்காது.

"என்னைய ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கியா?"

"கேக்க எங்க விட்டீங்க? எப்பப் பாத்தாலும் வாய் அசைஞ்சுகிட்டேல்ல இருக்கு!"

சின்பு மலைக்கு அந்தப்புறம் நிற்கும் கைப்பேசிக் கோபுரத்தின் கண்ணுக்கு இந்தப் பள்ளத்தாக்கு படாது. அதனால் பேச்சு இங்கே கைமாறிக் கைமாறித்தான் வரும். தேயிலை ஆலைக் கூரையில் ஒரு பெட்டி. அது வாங்கி சியூ-மோயின் மாடிக்குத் தரும். இங்கிருந்து கோயில் கூரைக்கு, அங்கிருந்து ஆற்றோர வீடுகளுக்கு. நடுவில் ஒருவர் கையை விட்டாலும் கீழே ஊமைதான்.

பெட்டியை மாட்ட வந்தவர்கள், "இது முன்னாடி ஈரத்துணி காயப்போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சியூ-மோய் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போடவில்லை. ஆனால் மாடியிலேயே காற்று நன்றாக அடிக்கும் மூலை அது. போன வருஷம் பருவக்காற்று வந்ததும் பெட்டியை மறைத்துத் தட்டுகளை அடுக்கிவிட்டார். சீவிய பழமும் முக்கால்வாசி தண்ணீர்தான், அந்த ஈரமும் சிக்னலை மறைக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் ஆற்றோரத்து பெங் மரத்திலிருந்து விழுந்தார். மனைவி யுன்-சாய் எத்தனை முறை அமுக்கியும் லைன் கிடைக்கவில்லை. அவருடைய கைப்பேசியை அவர் கையிலேயே திணித்துவிட்டு மேட்டில் ஓடிவந்தாள். சியூ-மோயின் மாடியில் ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைத்தது. கீழே தனியாகக் கிடந்த கணவருக்குக் கிடைக்கவில்லை. சியூ-மோய் பெட்டியைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். "ஐயோ, துணின்னுதானே சொன்னாங்க!" என்று கத்திக்கொண்டே எல்லாவற்றையும் இழுத்துத் தள்ளினார். பழங்கள் படிக்கட்டில் உருண்டன. யுன்-சாய் மறுபடி அமுக்க, ஆற்றோரத்தில் மணி அடித்தது. "ம்" என்றது பெங்கின் குரல்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை யுன்-சாய் அவரைக் கண்ணயர விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். அந்த "ம்"முக்கு சியூ-மோய் இன்றும் நன்றி சொல்கிறார். யாருக்குச் சொல்வது என்று தெரியாததால் பெட்டிக்குச் சொல்கிறார்.

இப்போது பெங் கம்பு ஊன்றி நடக்கிறார். சாயங்காலமானால் போன் வரும். "கேக்குதா அக்கா?" "கேக்குது தம்பி." அவ்வளவுதான் பேச்சு.

இந்த வருஷம் காய்ப்பு அதிகம், தட்டு வைக்க இடமில்லை. காற்றுப் படாவிட்டால் பழம் பூஞ்சை பிடித்துவிடும். "அந்த மூலையில நாலே நாலு தட்டு வச்சா குடியா முழுகிடும்?" என்றார் லியூ. சியூ-மோய் தட்டுகளைக் கீழே தூக்கிப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டில்மேல் பரப்பினார்.

"அப்ப நாம எங்கடி படுக்கிறது?"

போன் அடித்தது. "கேக்குதா அக்கா?"

"கேக்குது தம்பி, நல்லாக் கேக்குது" என்றபடி, மறுகையால் லியூவின் தலையணையை இழுத்துத் தரையில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் கடைசித் தட்டை வைத்தார்.